அட்டாலியில் கிடந்த ஜப்பான் கிட்டார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கங்க. எங்க பெரிய மாமா அந்தக் காலத்துல மெல்லிசைக் குழுவுல கிட்டார் வாசிச்சவருங்க. மாரியம்மன் நோம்பின்னா கோபி, சத்தி, அந்தியூர்னு கச்சேரிக்குப் போயிடுவாருங்க. இப்ப அவரோட ஓட்டு வீட்டைப் பிரிக்கறப்ப அட்டாலில எலக்ட்ரிக் கிட்டார் ஒண்ணு கிடைச்சுதுங்க. தலைப்பக்கத்துல பேர் எதுவும் இல்லைங்க, ரெண்டு சின்ன ஓட்டை மட்டும் இருக்குது. டியூனிங் கீ மேல நாலு, கீழ ரெண்டு. முன்னாடி கோடு கோடா போட்ட தகடு. பின்னாடி நெக், அதான் கழுத்து, சேர்ற இடத்துல இருக்கற தகட்டுல ‘ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக், மேட் இன் ஜப்பான்’னு எழுதி ஒரு நம்பர் போட்டிருக்குதுங்க. சிங்கப்பூர்ல இருந்து வந்ததுன்னு அத்தை சொல்றாங்க. எந்தக் கம்பெனி, எந்த வருசத்துது? ஒரு பிக்கப் வேலை செய்யலைங்க. மோட்டார் வைண்டிங் கடையில கொடுத்து சுத்திக்கலாம்னு மச்சான் சொல்றாருங்க, சரியா?
- கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: முதலில் மச்சானை நிறுத்துங்கள். நம்மூர் வைண்டிங் கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அவர்கள் சுற்றுவது பம்ப்செட் மோட்டார். கிட்டார் பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள், அதில் வழக்கமாகப் போடுகிற 42 கேஜ் கம்பியின் கனம் சுமார் 0.06 மில்லிமீட்டர், தலைமுடியைப் போல மெல்லிசு, அதுவும் ஆயிரக்கணக்கான சுற்று. அப்புறம், பிக்கப் பேசவில்லை என்றாலே காயில் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. இவ்வளவு வருடம் சும்மா கிடந்த கிட்டாரில் சுவிட்சுக்குள் பாசி பிடித்திருக்கும், அல்லது எங்காவது ஈயப் பற்று விட்டிருக்கும். பிக்கப்பிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் சுவிட்சிலிருந்து பிரித்து அவற்றில் மல்டிமீட்டரை வையுங்கள். சில கிலோ ஓம் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது, சுவிட்சைச் சுத்தம் செய்தால் போதும். மீட்டர் அசையவே இல்லை என்றால் அப்போது பார்க்கலாம்.

இனி கம்பெனிக்கு வருவோம். பேர் இல்லையே என்று கவலைப்படாதீர்கள், 1960களின் ஜப்பான் கிட்டார்களில் பேரை நம்பினால்தான் குழப்பம். அன்றைக்கு டோக்கியோ, மட்சுமோட்டோ, ஹமமாட்சு தொழிற்சாலைகள் அமெரிக்க, பிரிட்டிஷ் இறக்குமதியாளர்கள் கேட்ட பேரையெல்லாம் ஒட்டிக் கொடுத்தன. டீஸ்கோ செய்தது அமெரிக்காவின் சியர்ஸ் கடையில் ‘சில்வர்டோன்’ என்ற பேரிலும் விற்றது, கையாடோன் செய்தது இங்கிலாந்தில் ‘ஆன்டோரியா’ ஆகிவிட்டது. பிரிட்டனின் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் ஹேங்க் மார்வினே ஆரம்பத்தில் வாசித்தது அந்த ஆன்டோரியாதான். ஆக, தலையில் இருக்கும் பேர் பெரும்பாலும் விற்றவன் பேர், செய்தவன் யார் என்பதைத் தகரமும் திருகாணியும்தான் சொல்லும்.

நீங்கள் சொன்ன அந்த இரண்டு ஓட்டை, உலோகப் பேர்ப் பட்டையை ஆணியால் அடித்திருந்த அடையாளம், விழுந்து தொலைந்திருக்கும். அட்டாலியில் இன்னொரு தடவை துழாவிப் பாருங்கள். பட்டை இருந்த இடத்தில் பாலீஷ் கொஞ்சம் பளிச்சென்று நிற்கும், சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் பட்டையின் வடிவம் தெரியும். மேலே நாலு கீழே இரண்டு கீ, கோடு போட்ட உலோகத் தகடு, இதோடு ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனித்தனியாக வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி ஒன்று இருந்து, நட்டுக்கு (தலைக்குக் கீழே கம்பிகள் உட்காரும் பட்டை) ஒட்டினாற்போல் கூடுதலாக ஒரு ஃப்ரெட்டும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) இருந்தால், என் முதல் சந்தேகம் டீஸ்கோ மேல்தான் விழும். 1946இல் டோக்கியோவில் தொடங்கிய கம்பெனி அது. 1967இல் காவாய் என்ற இன்னொரு ஜப்பான் இசைக்கருவிக் கம்பெனி அதை வாங்கியது, வாங்கிய பிறகும் டீஸ்கோ பேர் சில காலம் ஓடியது, அதனால் இரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பது சிரமம். கீ, பிரிட்ஜ் (உடம்புப் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்) மாதிரி சாமான்களைப் பல கம்பெனிகளும் ஒரே இடத்தில் வாங்கிப் போட்டதால் ஒரு சாமானை மட்டும் வைத்துச் சாதிக்கவும் முடியாது. நான்கைந்து அடையாளம் ஒரே பக்கம் கை காட்ட வேண்டும்.

தகட்டில் இருக்கும் வாசகம் எந்தக் கம்பெனியின் முத்திரையும் இல்லை, ‘நெக்குக்குள் எஃகுக் கம்பி இருக்கிறது’ என்ற விளம்பரம், அவ்வளவுதான். அதுவே ‘ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக்’ என்று இருந்திருந்தால் மட்சுமோட்டோவில் இருந்த மட்சுமோக்கு தொழிற்சாலைப் பக்கம் பார்க்கச் சொல்லியிருப்பேன். நம்பரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தக் காலத்து மலிவு கிட்டார்களின் நம்பருக்கு நம்பகமான பட்டியல் கிடையாது, பணம் வாங்கிக்கொண்டு ‘இந்த வருசம்தான்’ என்று அடித்துச் சொல்கிறவரிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

வயசுக்கு நெக்கைக் கழற்றிப் பார்ப்பதே நல்ல வழி. கம்பிகளை முதலில் தளர்த்திவிடுங்கள். ஜப்பான் திருகாணியின் கூட்டல்குறிப் பள்ளம் அவர்களுடைய ஜேஐஎஸ் (ஜப்பான் தொழில் தரம்) அளவில் இருக்கும், நம்மிடம் இருக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி வழுக்கித் தலையையே தின்றுவிடும். பொருத்தமான முனை கிடைக்கும்வரை கை வைக்காதீர்கள். கழற்றும்போது நெக் உட்காரும் குழியில் அட்டைத் துண்டோ மெல்லிய மரச் சீவலோ இருந்தால் குப்பை என்று வீசிவிட வேண்டாம், நெக்கின் சாய்வுக்காக வைத்தது, திரும்பவும் அதே இடத்தில் வையுங்கள். நெக்கின் அடிக்கட்டையிலும் குழிக்குள்ளும் மை முத்திரையோ பென்சில் எழுத்தோ இருக்கிறதா பாருங்கள். ‘42.8’ என்கிற மாதிரி இருந்தால் 1942 என்று குதிக்காதீர்கள், அது ஜப்பான் மன்னரின் ஆட்சியை வைத்து எண்ணும் ஷோவா ஆண்டாக இருக்கலாம். ஷோவா எண்ணோடு 1925ஐக் கூட்டினால் நம்ம ஆண்டு, ஆக 42 என்றால் 1967. வெறும் சரக்கு எண்ணாகவும் இருக்கலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் இருக்கும் எண்ணைப் படித்து வருசம் சொல்லும் வித்தை அமெரிக்கச் சாமானுக்கு உரியது, இங்கே செல்லாது.

இப்போதைக்கு நீங்கள் எழுதியதை வைத்து நான் சொல்வது, 1960களின் நடுவிலிருந்து கடைசிக்குள், பெரும்பாலும் டீஸ்கோ குடும்பம். ஒற்றை வருசம் கேட்டால் தர மாட்டேன். சிங்கப்பூர் வழியாக வந்தது என்று அத்தை சொல்வது பொருந்தித்தான் வருகிறது. மாமா குழுவோடு எடுத்த பழைய போட்டோவில் இந்தக் கிட்டார் இருந்து, பின்னால் ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் இருந்தால் அது எந்த நிபுணரையும்விட மேல், ஏனென்றால் ‘இந்தத் தேதிக்கு முன்னால்’ என்பது உறுதியாகிவிடும். பெயின்ட் அடிப்பது, பாலீஷ் போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மேற்படி வாசகரே இன்னொரு கடிதத்தில்: கிட்டாரோடு ஒரு ஜப்பான் ஆம்ப்ளிஃபயரும் கிடைச்சுதுங்க. பிளக்கில் சொருகிப் பார்க்கலாமுங்களா?

பதில்: வேண்டாம், வேண்டாம்! ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவுக்கு அனுப்பிய சரக்கு 117 வோல்ட் கணக்கு. நம்ம வீட்டில் 230. பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று பார்க்காமல் சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். வோல்ட் சரியாக இருந்தாலும், வால்வு போட்ட பழைய ஆம்ப் என்றால் உள்ளே கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கும். பழைய வால்வு ரேடியோ பார்த்துப் பழகிய கை யாராவது ஈரோட்டுப் பக்கம் இருந்தால் அவரிடம் காட்டிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். கிட்டாரை மட்டும் சோதிக்க எந்தச் சின்ன ஆம்ப்பும் போதும்.

கேள்வி: என்னிடம் விற்க வந்த ஐபனேஸ் கிட்டாரின் நம்பர் எஃப் எழுத்தில் தொடங்கி 773018 என்று இருக்கிறது. ‘கேஸ் போட்ட கிட்டார், அதனால் விலை ஜாஸ்தி’ என்கிறார். உண்மையா?
- திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்களுக்கு வேலை சுலபம். 1975 கடைசியிலிருந்து சில வருடங்களுக்கு, ஜப்பான் கம்பெனியான ஐபனேஸின் நம்பரில் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு எண் வருசம். ஏ என்றால் ஜனவரி, ஆக எஃப் ஜூன், 1977. கேஸ் கதை பாதி உண்மை. அமெரிக்கக் கிட்டார் கம்பெனியான கிப்சனை வைத்திருந்த நார்லின் நிறுவனம் அதே 1977இல், ஐபனேஸை அமெரிக்காவில் விற்ற எல்கர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது, தலைப்பகுதியின் வடிவத்தைக் காப்பியடித்ததாக. அடுத்த வருடமே சமரசம் ஆனது. வழக்குக்கு முன்பே ஐபனேஸ் தலையின் வடிவத்தை மாற்றத் தொடங்கிவிட்டது என்பதால், உங்களிடம் வந்திருப்பதன் தலை எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கிப்சன் தலை மாதிரியே இல்லை என்றால் கேஸ் பேரைச் சொல்லிக் கேட்கிற கூடுதல் காசைக் கொடுக்காதீர்கள்.