மறு: வெளிநாட்டு மானியத்தை வேறொரு டிரஸ்ட் வழியாக வாங்கலாமா?

அமெரிக்க அறக்கட்டளை ஒன்று உங்கள் ஆய்வுக்கு மானியம் ஒதுக்கிவிட்டது, ஆனால் உங்கள் தனியார் கல்லூரிக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லை, பதிவுள்ள டிரஸ்ட் ஒன்றில் வாங்கி உங்களுக்குத் திருப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாதுங்க. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னொருவருக்கு மாற்றவே தடை. மாட்டினால் அந்த டிரஸ்டின் பதிவே போகலாம். உங்கள் சொந்தக் கணக்குக்கு வரவழைக்கும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

கல்லூரியை நடத்தும் டிரஸ்ட் முன் அனுமதிக்கு, அதாவது பதிவு இல்லாமலே இந்த ஒரு மானியத்தை மட்டும் வாங்கும் அனுமதிக்கு, விண்ணப்பிக்கலாம். படிவம் எஃப்.சி.-3பி. பதிவுக்கான 3ஏ வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். பதிவுக்குத்தான் 3 ஆண்டு செயல்பாடும் 15 லட்ச ரூபாய் செலவுக் கணக்கும் காட்ட வேண்டும். முன் அனுமதிக்கு முக்கியமானது கொடையாளரின் உறுதிக் கடிதம்: தொகை, நோக்கம் இரண்டும் திட்ட அறிக்கையோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். கடிதத்தில் ஒரு தொகை, பட்ஜெட்டில் இன்னொன்று என்றால் கேள்வி மேல் கேள்வி வரும். பணம் இறங்கும் கணக்கு ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில்தான். உள்ளூர் கிளையிலேயே கணக்கு கேட்டு அலையாதீர்கள், விண்ணப்பத்தை அதன் வழியாக அனுப்பலாம், கணக்கு அங்கே இருக்காது.

கல்லூரி கேட்கும் ஓவர்ஹெட் (இடம், மின்சாரம், அலுவலகம் போன்ற பொதுச் செலவுக்கான பங்கு) நிர்வாகச் செலவில் சேரும். நிர்வாகச் செலவின் மொத்த வரம்பு, வாங்கும் வெளிநாட்டு நன்கொடையில் 20%.

அனுமதி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எனவே மானியத்தின் தொடக்கத் தேதியைத் தள்ளிவைக்கும்படி அறக்கட்டளைக்கு இன்றே எழுதுங்கள். மறுத்தால், சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தணிக்கைக்குக் கட்டாயம் உட்பட்ட, சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகத்தின் பெயரில் மானியத்தை மாற்றித்தரக் கேளுங்கள். அத்தகைய பல்கலைக்கழகங்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ஆனால் செலவும் சோதனையும் அங்கேயேதான் நடக்க வேண்டும்.