சம்மணமும் கிரிஸ்-கிராஸ் ஆப்பிள்சாஸும்

அன்புள்ள அக்கா,

சான் ஹோசேயில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது. ஆகஸ்டில் கிண்டர்கார்ட்டன் சேர்த்தோம். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். உள்ளபடி ‘தமிழ்’ என்று எழுதினேன். பிறகு அவளுக்கு ஒரு பரீட்சை வைத்து, ‘இங்கிலீஷ் லேர்னர்’ (ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை) என்று கடிதம் அனுப்பிவிட்டார்கள். “ஆங்கிலம்னு போட்டிருக்கலாமே, பிள்ளைமேல முத்திரை விழுந்துடுச்சே” என்கிறார்கள் நண்பர்கள். வகுப்பில் அவள் வாயே திறப்பதில்லையாம். இனி வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசிவிடலாமா என்று மனைவி கேட்கிறாள். நான் தப்பு செய்துவிட்டேனா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பிக்கு,

தப்பே இல்லை. உண்மையைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் படிவத்தில் நான்கு கேள்விகள். குழந்தை முதலில் பேசக் கற்ற மொழி, வீட்டில் அதிகம் பேசுவது, நீங்கள் அவளிடம் பேசுவது, வீட்டுப் பெரியவர்கள் பேசுவது. முதல் மூன்றில் எதற்காவது வேறு மொழியை எழுதினால் கலிஃபோர்னியாவில் ‘எல்பாக்’ பரீட்சை உண்டு. அது பிள்ளையின் புத்தியை அளப்பதில்லை. ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்று மட்டும் பார்க்கிறது. முத்திரையும் நிலையானதல்ல. ஆங்கிலம் வந்ததும், பெற்றோரையும் கலந்துகொண்டு, எடுத்துவிடுவார்கள்.

இந்த முத்திரையோடு வரும் தனி ஆங்கிலப் பாடம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகையும் இல்லை. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவில், ஒன்றும் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த சீனப் பிள்ளைகளுக்காக வழக்குப் போட்டார்கள். வழக்கின் பெயர் ‘லாவ் எதிர் நிக்கல்ஸ்’. எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்று கொடுத்துவிட்டால் மட்டும் சமமாக நடத்தியதாகாது என்று 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உங்கள் மகளுக்கு அன்றாடம் கிடைக்கப்போகும் தனி ஆங்கிலப் பாடத்துக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘ஆங்கிலம்’ என்று எழுதியிருந்தால் அதை நீங்களே தட்டிவிட்டிருப்பீர்கள்.

இனி மனைவியின் கேள்வி. இதில் நான் சூடுபட்டவள்.

என் மகன் கிண்டர்கார்ட்டன் போனபோது, வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று அவன் டீச்சர் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அப்படியே செய்தோம். பிள்ளை வகுப்பிலும் பேசவில்லை, எங்களிடமும் பேச்சு குறைந்தது. சாயங்காலம் வந்ததும் என்ன நடந்தது என்று கேட்டால் ‘குட்’. சாப்பாடு எப்படி, ‘குட்’. ஊரிலிருந்து ஆச்சி போனில் கூப்பிட்டால் திரையைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவிடுவான். மூன்று மாதம் இப்படி. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

ஒருநாள் அவன் பொம்மைகளை வரிசையாக வைத்து டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். “கிரிஸ்-கிராஸ் ஆப்பிள்சாஸ்!” என்று கரடியை அதட்டினான். எனக்குப் புரியவில்லை. பசிக்கிறது போல என்று ஆப்பிள்சாஸ் டப்பாவை எடுத்து வந்தேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்து காட்டினான். “சம்மணம்மா. அதுக்கு ஸ்கூல்ல இப்படிச் சொல்லணும்.”

அத்தனை நாளும் வகுப்பில் சும்மா இருந்தான் என்று நினைத்திருந்தோம். ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். சம்மணம் அவனிடம் ஏற்கெனவே இருந்ததால் புதிய சொல் அதன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. புதிய மொழிக்குள் போகும் பிள்ளைகள் பலர் முதலில் மாதக்கணக்கில் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று இரவே தமிழுக்குத் திரும்பிவிட்டோம். ஆச்சியிடம் மறுபடி பேச அவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

அதனால் மனைவியிடம் சொல்லுங்கள், வீட்டில் தமிழிலேயே பேசட்டும். சண்டையும் கொஞ்சலும் கதையும் எல்லாம். ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். தமிழிலும் பேச்சு தடைபடுவதாகத் தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டீச்சரைப் பார்க்கும்போது, தண்ணீர், பாத்ரூம், வலிக்கிறது, இந்த மூன்றுக்கும் படம் போட்ட சின்ன அட்டைகளை அவள் கையில் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். தாகத்தைச் சொல்லத் தெரியாமல் ஒரு பிள்ளை நாள் முழுக்க உட்கார்ந்திருக்கக் கூடாது. என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா