தெரிந்தவரிடம் ஏன் கேட்க வேண்டும்?

அன்புள்ள ஐயா,

அப்பா சென்ற மாதம் காலமானார். பதினோரு நாள் ஐசியூவில் இருந்தார். அம்மா ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே முழங்கால் போட்டு ஜெபித்தார். சபையில் சங்கிலி ஜெபம் நடந்தது. அடக்கம் முடிந்து வந்த ஒருவர், "விசுவாசத்தோடு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்" என்று அம்மாவிடமே சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா ஜெபிப்பதில்லை. குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால் பாயில் உட்கார்ந்து அழுகிறார். எனக்கு வேறு கேள்வி. கேட்பதற்கு முன்பே நம் தேவை பிதாவுக்குத் தெரியும் என்று இயேசுவே சொல்கிறார். தெரிந்தவரிடம், மாறாதவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

*

அன்புள்ள தம்பி,

முதலில் அம்மாவுக்கு. வந்தவர் சொன்னதற்கும் ஒரு வசனம் இருக்கிறது, தெரியும். ஆனால் அந்த வசனத்தைச் சொன்ன இயேசுவே, சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டார். மூன்று முறை கேட்டார். நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? தோட்டத்தை மறந்துவிட்டு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, தாலியறுத்த ஒரு பெண்ணிடம் போய்ப் பேசுவது பெரிய பாவம். இதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்கு வயது ஏறக்குறைய 1800. நடக்கப்போவது கடவுளுக்கு முன்பே தெரியுமென்றால் ஜெபம் வீண்தானே என்று ஆதித் திருச்சபையின் இறையியலாளர் ஓரிஜனுக்கு அவருடைய நண்பர் அம்புரோஸ் கடிதமே எழுதியிருக்கிறார். அதற்குப் பதிலாக வந்ததுதான் ஜெபத்தைப் பற்றிய ஓரிஜனின் நூல். நாம் மனமுவந்து கேட்போம் என்பதும் கடவுள் முன்னறிந்தவற்றில் ஒன்று என்றார் ஓரிஜன். 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இதை இன்னும் கூர்மையாக்கினார். கடவுள் எது நடக்க வேண்டும் என்பதை மட்டும் வைக்கவில்லை, எதன் வழியாக நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே வைத்திருக்கிறார். நெல் விளையும் என்றால் யாரோ நாற்று நட்டிருக்க வேண்டும் அல்லவா? சில காரியங்களுக்கு நம் கேட்டல்தான் அந்த நடவு. அவர் முடிவை மாற்றுவதற்காக நாம் கேட்பதில்லை.

தர்க்கமாக எனக்கு இது போதும். ஆனால் தர்க்கத்தைவிட மோனிக்காவின் ஓர் இரவுதான் என்னை அதிகம் பிடித்து வைத்திருக்கிறது. 383ஆம் வருஷம், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகம். அவளுடைய மகன் அகுஸ்தீன், பிற்பாடு திருச்சபையின் பெரிய ஆசிரியரானவர், ரோமாபுரிக்குக் கிளம்புகிறார். அம்மா விடாமல் பிடித்துக்கொள்கிறாள். நண்பன் ஒருவனை வழியனுப்பத்தான் நிற்கிறேன் என்று மகன் பொய் சொல்கிறார். பக்கத்திலிருந்த வேதசாட்சி சிப்ரியானின் நினைவாலயத்தில் அவள் ராத்திரியெல்லாம் அழுது ஜெபிக்கிறாள்: இவன் கப்பல் ஏறக் கூடாது. காற்று எழும்புகிறது, பாய் விரிகிறது. விடிந்து பார்த்தால் கரையில் மகன் இல்லை. கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கப்பல்தான் அவரை ரோமுக்கும், அங்கிருந்து மிலானுக்கும், அங்கே ஆயராக இருந்த இன்னோர் அம்புரோஸிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 387 ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றார். மகன் கிறிஸ்தவனாக வேண்டும் என்று அவள் எப்போதும் கேட்டதைச் செய்வதற்காகவே அன்றைக்குக் கேட்டதை நீர் செய்யவில்லை என்று பிற்பாடு கடவுளிடமே சொல்கிறார் அகுஸ்தீன்.

சரி, இதை உங்கள் அப்பாவின் சாவுக்கு விளக்கமாக வைக்க மாட்டேன். மோனிக்கா பிழைத்திருந்து மகனின் ஞானஸ்நானத்தைக் கண்ணால் பார்த்தாள். உங்கள் வீட்டில் நாற்காலி காலியாக இருக்கிறது. அதற்கு நியாயம் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

ஆனால் அதே அகுஸ்தீன் பிரோபா என்ற விதவைக்கு ஜெபத்தைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ரோம் சூறையாடப்பட்டபின் கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்கு வந்த பெண் அவள். துன்பத்தில் எதைக் கேட்பது என்றே நமக்குத் தெரியாமல் போகும் என்கிறார் அவளிடம். அப்புறம், ஜெபம் பேச்சைவிடப் பெருமூச்சாலும், சொல்லைவிடக் கண்ணீராலும்தான் அதிகம் நடக்கிறது என்கிறார்.

அம்மா ஜெபிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாயில் உட்கார்ந்து அழுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இன்று ராத்திரி அவரை ஜெபிக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள்.