நல்ல டாக்டர்கள் இருந்தால் போதாதா? மருத்துவமனைக் கட்டடப் பராமரிப்புக்கு எதற்கு இவ்வளவு செலவு?

இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. வீட்டில் யாரையோ சேர்த்திருந்து, பில்லைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானதுதான். பில் விஷயத்தில் மருத்துவமனைகளுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. சென்னையில் நடுத்தர அளவுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன் நான். ஜெனரேட்டர், லிஃப்ட், ஏசி, ஆக்சிஜன் லைன், தண்ணீர், சாக்கடை எல்லாம் எங்கள் துறையில் வரும். கட்டடம் கைவிட்டால் எவ்வளவு பெரிய டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீரை வைத்தே சொல்கிறேன்.

ஒருவருக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்ய ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். நோயாளியின் ரத்தத்துக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது மெல்லிய சவ்வு மட்டும்தான். குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் குளோரின் இருந்தால் நம் வயிறு சமாளித்துவிடும். டயாலிசிஸில் அது நேராக ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைக்கும். அதனால் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் குளோரின் இருக்கக் கூடாது. ஆர்ஓ பிளான்ட் இருக்கிறதே என்பார்கள். ஆனால் குளோரினைப் பிடிக்கிற வேலை அதற்கு முன்னால் நிற்கும் கார்பன் டேங்குடையது. உள்ளே பெரும்பாலும் கொட்டாங்குச்சிக் கரிதான். சக்தி தீர்ந்தாலும் கரி பார்க்க அப்படியேதான் இருக்கும். டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும்.

2019 கோடையைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊருக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவரை தனியார் லாரிதான் கதி. எந்தக் கிணற்றில் பிடித்தது என்று டிரைவருக்கே சரியாகத் தெரியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரோடு நான் கேட்டில் நிற்பேன். வால்வைக் கொஞ்சம் திறந்து, டம்ளரில் பிடித்து மீட்டரை வைத்தால் ஒரு லாரி 600 காட்டும், அடுத்தது 1800 காட்டும். உப்பு அதிகமென்றால் திருப்பி அனுப்பிவிடலாம். ப்ளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டி எடுத்து வந்தால் அந்த மீட்டர் காட்டிக்கொடுக்காது. இந்தத் தண்ணீருக்குக் கார்பன் சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதிக்கு முன்னாலேயே மாற்ற வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருந்தேன். "இன்னும் ஆறு மாசம் இருக்கே" என்று பர்சேஸில் ஃபைலைத் திருப்பிவிட்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் விடியற்காலை. முதல் ஷிப்ட் நோயாளிகள் வந்துவிட்டார்கள். டயாலிசிஸ் டெக்னீஷியன் போன் செய்தார். "அண்ணா, கொஞ்சம் வந்து பாருங்க, பிங்க் வருது." கார்பன் டேங்குக்குப் பிறகு எடுத்த தண்ணீரில் குளோரின் டெஸ்ட் பொடியைப் போட்டால் நிறம் மாறவே கூடாது. டியூபை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன், பன்னீர் ரோஜா நிறம். டியூபை நன்றாகக் கழுவி மறுபடி எடுத்தோம். அதே நிறம். "யாரையும் மெஷின்ல போடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

ஷிப்ட் நின்றது. வெளியே சத்தம் கிளம்பியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ராத்திரி பூரா மூச்சு வாங்குது, ஏதாச்சும் பண்ணுப்பா" என்றார். காத்திருக்க முடியாதவர்களை டாக்டர் ஆம்புலன்ஸில் வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். அம்பத்தூரிலிருந்து கரி மூட்டைகள் வந்தன. பழையதை வாரிக் கொட்டி, புதியதை நிரப்பி, கறுப்புத் தண்ணீர் போய்த் தெளியும்வரை ஓடவிட்டோம். டெஸ்டில் நிறம் மாறாமல் வந்தபோது இரவாகிவிட்டது.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாதக் கூட்டத்தில் நிர்வாகம் கேட்டது, அன்றைய டயாலிசிஸ் வருமானம் போனதற்கு யார் பொறுப்பு என்று. அந்த டாக்டர் மட்டும் எழுந்து, என்ன நடந்திருக்கும் என்பதைப் பொறுமையாக விளக்கினார். அதற்குப் பிறகுதான் இரண்டாவது கார்பன் டேங்க் வந்தது. முதல் டேங்க் கைவிட்டாலும் அடுத்தது தாங்கும், டெஸ்ட் எடுக்க நடுவில் ஒரு குழாயும் உண்டு. நீங்கள் கேட்கும் செலவில் அந்த டேங்கும் அடக்கம்.

மற்றதும் இப்படித்தான். ஆபரேஷன் தியேட்டரில் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 முறை காற்று மாற வேண்டும். வெளிக் காற்று உள்ளே நுழையாதபடி உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். ஃபில்டர் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் தையலில் சீழ் வைக்கும் ஆபத்து கூடும், பழி டாக்டர் மேல் விழும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜெனரேட்டரைத் தரைத்தளத்திலோ அதற்குக் கீழேயோ வைத்திருந்த கட்டடங்கள் என்ன பாடுபட்டன என்று பார்த்தோம். 2011-இல் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையின் பேஸ்மென்ட்டில் பிடித்த தீயின் புகை மேல்தளங்களுக்கு ஏறி 90 பேரளவில் இறந்தார்கள். இன்றைக்கும் பழைய மெத்தைகளைப் பேஸ்மென்ட்டில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டு வருகிறார்கள். முடியாது என்று சொல்லிச் சொல்லி எனக்குக் கெட்ட பேர்.

அரசு மருத்துவமனைகளைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அங்கே கட்டடப் பராமரிப்பு பொதுப்பணித் துறையிடம் இருக்கிறது, டீன் நினைத்தவுடன் எல்லாம் நடந்துவிடாது. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அங்கே வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை வாசலில் நிற்கும் செக்யூரிட்டிகளைப் பாருங்கள். பலர் அறுபதைத் தாண்டியவர்கள். ஒரு நாற்காலி கிடையாது. கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. நோயாளிக்காக நடத்தும் இடத்தில் கால் வீங்கிய மனிதரைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ் நடந்தால், இன்றைய குளோரின் டெஸ்ட் எழுதிய லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்னாலும் எடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒழுங்காக நடத்துகிறவர்கள் தயங்காமல் காட்டுவார்கள். இழுத்தடித்தால் யூனிட் டாக்டரிடமே நேராகக் கேளுங்கள்.