Re: 'தி ஃபார்ம்' மீதி எபிசோடுகள் எங்கே கிடைக்கும்?

'தி ஆஃபீஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் 9-ஆம் சீசனில், 'தி ஃபார்ம்' எபிசோடில், அலுவலக ஊழியர் டுவைட்டின் உடன்பிறந்தவர்கள் எல்லாம் திடீரென வந்து போகிறார்களே, அவர்கள் கதை எங்கே தொடர்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கும் தொடரவில்லை, தேட வேண்டாம். டுவைட்டை வைத்துத் தனித் தொடர் தொடங்க எடுத்த முன்னோட்டம்தான் (பைலட், அதாவது சேனலின் ஒப்புதலுக்காக எடுக்கும் சோதனை எபிசோடு) அந்த எபிசோடு. 2012 அக்டோபரிலேயே, தொடரை ஒளிபரப்பிய என்பிசி சேனல் அந்தத் தனித் தொடர் வேண்டாமென்று சொல்லிவிட்டது. எடுத்ததை வீணாக்காமல், சில காட்சிகளைப் புதிதாகச் சேர்த்து 2013 மார்ச் 14 அன்று ஒளிபரப்பினார்கள். பண்ணை வீடும் சாவு வீட்டுக் காட்சிகளும் மற்ற எபிசோடுகளோடு ஒட்டாமல் நிற்பது இதனால்தான். நல்ல நடிகர்கள், வருத்தம்தான்.

தாய்த் தொடருக்குள்ளேயே முன்னோட்டத்தை எடுத்தால் செலவு மிச்சம். நிராகரித்தாலும் ஒளிபரப்பிக்கொள்ளலாம். 1968-இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடரின் 2-ஆம் சீசனின் கடைசி எபிசோடும் இதே வகை. அதில் கேரி செவன் என்ற புதியவர்தான் கதையை நடத்துவார், தொடரின் நாயகன் கிர்க் பின்னால் நிற்பார். இப்படி நாயகன் ஓரமாக ஒதுங்கினாலே சந்தேகப்படுங்கள்.

தனியாக எடுத்த முன்னோட்டம் நிராகரிக்கப்பட்டால் பெரும்பாலும் பார்க்கவே கிடைக்காது. நவோமி வாட்ஸ் நடித்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முன்கதைத் தொடரின் முன்னோட்டத்தை எடுத்து முடித்த பிறகு, 2019 அக்டோபரில் எச்பிஓ சேனல் கைவிட்டது. அது ஒளிபரப்பாகவே இல்லை.