மகள் கஃபே தொடங்க வேண்டும் என்கிறாள்: ஈரோட்டு அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம். பி.காம் முடித்த மகள் வேலைக்குப் போகாமல் கஃபே தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள், கணவர் ஓய்வுபெற்றபோது வந்த பணத்தைத் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதே தர வேண்டாம். அவள் ஆசையைத் தட்டிவிடவும் வேண்டாம். கடை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்வரை ஆகிற செலவு கொஞ்சம்தான். போட்ட பிறகு, விற்றாலும் விற்காவிட்டாலும் வாடகை ஓடும். அந்தக் கையெழுத்தை மட்டும் ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

அதில் மூன்று மாதமாவது அவள் இன்னொருவர் கடையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கட்டும். கல்லாவில் உட்கார்ந்தால் போதாது. காலையில் பால் கணக்கு, மாலைக் கூட்டத்தில் ஆர்டர், இரவில் மெஷின் கழுவுவது, சொல்லாமல் லீவு போட்டவரின் வேலை என எல்லாம் பழக வேண்டும். இந்தத் தொழிலில் ஆளைத் தக்கவைப்பதுதான் பெரிய பாடு என்பது அங்கேதான் புரியும். காபியை முறையாகக் கற்க, பெங்களூரில் காபி வாரியம் நடத்தும் 'காபி சாஸ்திரா' குறுகிய காலப் பயிற்சி நல்லது.

அடுத்தது கணக்கு. பி.காம் படித்தவளுக்கு இது கைவந்த வேலை. எடுத்துக்காட்டாக மாத வாடகை 40,000, மூன்று பேர் சம்பளம் 50,000, மின்சாரம், கேஸ், தண்ணீர் 15,000, கடன் தவணை 15,000 என்று வையுங்கள். அவளுக்கும் 30,000 சம்பளம் எழுதுங்கள். பலர் இதை விட்டுவிட்டு லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மொத்தம் 1,50,000. ஒரு கப்பில் பால், தூள், சர்க்கரை, வரி போக 40 ரூபாய் மிஞ்சினால் மாதம் 3,750 கப், ஒரு நாளும் விடாமல் தினமும் 125 கப் விற்க வேண்டும். அதுவும் லாபம் இல்லாமல், கையைக் கடிக்காமல் இருக்க மட்டும். பிறகு, அவள் பார்த்துவைத்திருக்கும் கடைக்கு எதிரே வார நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நின்று, அந்தத் தெருவில் நடப்பவர்களையும் பக்கத்துக் கடைகளுக்குள் நுழைபவர்களையும் எண்ணட்டும். 125 பேர் எங்கிருந்து வருவார்கள் என்பதற்கு அவளிடம் பதில் இருக்க வேண்டும்.

இடம் பார்க்கும்போது அழகைவிட மின் இணைப்பையும் தண்ணீரையும் முதலில் கேளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் காபி இறக்கும் 'இரண்டு குரூப்' எஸ்பிரெசோ மெஷின் 3, 4 கிலோவாட் வரை இழுக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பாய்லரில் படிவு கட்டி மெஷின் கெடும். பழுது பார்க்க ஊரிலேயே ஆள் இல்லாத மெஷினை மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். ஃபில்டர் காபியும் நல்ல கிரைண்டரும் வைத்துத் தொடங்குவதில் குறைவு ஒன்றும் இல்லை.

உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம், மாநகராட்சித் தொழில் உரிமம், 19 கிலோ வணிக சிலிண்டர் இவை கட்டாயம். வீட்டு சிலிண்டரைக் கடைக்குக் கொண்டுபோகக் கூடாது.

கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்துக்கு அவளையே அனுப்புங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்குத் திட்டச் செலவில் நகர்ப்புறத்தில் 25, கிராமப்புறத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு. சொந்தப் பங்கு 5 விழுக்காடு. இது புதிய தொழிலுக்குத்தான். கடையைத் திறந்துவிட்டு விண்ணப்பித்தால் தள்ளிவிடுவார்கள். விண்ணப்பிக்கும் நாளில் நடப்பு விதியையும் கேட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் கணவர் தருவதாக இருந்தால், தொகையை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, மூன்று பேரும் பார்த்து முடிவு செய்யுங்கள். அதில் ஆறு மாதச் செலவுக்கான பணம் அலங்கார வேலையில் கரையாமல் வங்கியில் தனியாக இருக்கட்டும். குறு, சிறு தொழிலுக்கான 20 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது என்பது 2026 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதி. யார் கேட்டாலும் வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.