சக் ஜோன்ஸ்: விழுவதற்கு முந்தைய கணம்

அன்புள்ள ஐயா,

நகைச்சுவை பற்றிய உங்கள் குறிப்பொன்றில் சாப்ளின், கீட்டன் ஆகியோருடன் அமெரிக்கக் கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸின் பெயரையும் சேர்த்திருந்தீர்கள். அதைப் படித்தபின் என் ஏழு வயது மகளுடன் அமர்ந்து அவருடைய ரோட் ரன்னர் படங்களில் பத்துப் பன்னிரண்டைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே கதைதான். ஓநாய் பறவையைத் துரத்துகிறது, பள்ளத்தாக்கில் விழுகிறது, எழுந்து மீண்டும் துரத்துகிறது. மகள் அலுக்காமல் சிரிக்கிறாள்; பல இடங்களில் அது விழுவதற்கு முன்பே சிரித்துவிடுகிறாள். எனக்கு மூன்றாவது படத்திலேயே அலுத்துவிட்டது. அவர் இயக்கிய டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் மகளுக்கே பிடிக்கவில்லை, 'இது நம்ம டாம் இல்லப்பா' என்கிறாள். பொம்மைப்படம் எடுத்த ஒருவரை இத்தனை உயரத்தில் வைப்பது நம் பால்யத்தின் மீதான ஏக்கம்தானா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் கேள்விக்குரிய விடையில் பாதியை உங்கள் மகள் சொல்லிவிட்டாள். விழுவதற்கு முன்பே அவள் சிரிக்கிறாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சக் ஜோன்ஸ் தன் சிறந்த ஆண்டுகள் முழுவதையும் செலவிட்டது அந்த முந்தைய கணத்தின் மீதுதான்.

இந்தப் படங்களை நாம் தொலைக்காட்சியில், பிள்ளைகளுக்கான நேரத்தில் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆனால் வார்னர் பிரதர்ஸ் இவற்றைத் திரையரங்கில் முழுநீளப் படத்துக்கு முன்னால் திரையிடுவதற்காக, பெரியவர்களும் குழந்தைகளும் கலந்து அமர்ந்திருக்கும் கூட்டத்துக்காக எடுத்தது. ஒரு படத்தின் நீளம் ஏறத்தாழ 540 அடி, அதாவது ஆறு நிமிடம். நடிகர்களை வைத்து எடுக்கும் இயக்குநர் தேவைக்கு மேல் எடுத்துக்கொண்டு பிறகு படத்தொகுப்பு மேசையில் வெட்டிச் சரிசெய்யலாம். வினாடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடும் கார்ட்டூனில், கையால் வரைந்து வண்ணம் தீட்டிய ஒன்றைத் தூக்கியெறிய எந்தத் தயாரிப்பாளரும் சம்மதிக்க மாட்டார். ஆகவே ஒரு பார்வை எத்தனை ஃபிரேம் நீடிக்க வேண்டும், ஓர் அடி எந்த ஃபிரேமில் விழ வேண்டும் என்பதையெல்லாம் இயக்குநர் முன்கூட்டியே தாளில் எழுதித் தந்துவிட வேண்டும். தொகுப்பு முடிந்த பிறகே படப்பிடிப்பு தொடங்கும் விசித்திரமான கலை இது. ஜோன்ஸ் இதற்கும் மேலே சென்று, ஒவ்வொரு படத்துக்கும் முக்கியமான முகபாவங்களையும் உடல்நிலைகளையும் நூற்றுக்கணக்கில் தானே வரைந்து அனிமேட்டர்களிடம் கொடுத்தார்.

நீங்கள் ஓநாய் என்று எழுதிய அந்த விலங்கு கொயோட்டி, ஓநாயின் வட அமெரிக்கச் சிற்றுறவினன். சிறுவயதில் மார்க் ட்வைனின் பயணநூல் ஒன்றில் கொயோட்டியை ஓயாப் பசியின் உருவமாகச் சித்திரித்த பகுதியைப் படித்ததிலிருந்தே அது தன் மனத்தில் தங்கிவிட்டது என்று ஜோன்ஸ் கூறியிருக்கிறார். 1949-இல் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபர்ரி-அஸ்' வெளிவந்தது. அடுத்த ரோட் ரன்னர் படம் 1952-இல்தான் வந்தது. தொடராக்கும் திட்டம் ஏதுமின்றித் தொடங்கியது என்பதற்கு அந்த இடைவெளியே சான்று. (பறவையின் 'பீப் பீப்' ஒலி அங்கே பின்னணி ஓவியராக இருந்த பால் ஜூலியனுடையது. கைநிறையச் சுமையோடு தாழ்வாரத்தில் வரும்போது எதிரே வருபவர்களை விலக்க அவர் எழுப்பிய சத்தமாம்.)

கொயோட்டி மலை விளிம்பிலிருந்து விழும்போது தொலைவில் புள்ளியாகி மறைய 18 ஃபிரேம்கள் ஆகும். அதன்பின் தரையில் புழுதி எழ 14 ஃபிரேம்கள் காத்திருக்க வேண்டும் என்று ஜோன்ஸ் கணக்கிட்டிருந்தார். பதின்மூன்றிலும் பதினைந்திலும் சிரிப்பு வரவில்லை, பதினான்கில் வந்தது என்பது அவருடைய கூற்று. வினாடியில் இருபத்துநான்கில் ஒரு பங்கைக் கண் பிரித்தறியுமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மாத்திரை தவறினால் தாளம் கெட்டதை, மாத்திரை என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் உணர்கிறார்களே. ஆனால் இந்தக் கணக்கைவிட முக்கியமானது அதற்கு முன்னால் நடப்பது. தரை போய்விட்டதை அறியாமல் அது அந்தரத்தில் நடக்கிறது. காலால் துழாவுகிறது. பிறகு நம்மைப் பார்க்கிறது, காது தொய்கிறது, சில வேளைகளில் ஒரு சிறு பலகையைத் தூக்கிப் பிடிக்கிறது. நடக்கப் போவதை அது அறிந்துகொண்டதும், அறிந்ததை நாம் அறிந்ததும்தான் அங்கே நகைச்சுவை. விழுவதை எந்தக் கார்ட்டூனும் காட்டிவிடும். ஒரே கதை என்று நீங்கள் சொல்வது உண்மை. பார்க்க வேண்டியது ஒவ்வொரு முறையும் அந்த அறிதல் எப்படி மாறுகிறது என்பதை.

இந்த இடத்துக்கு அவர் எளிதில் வந்துவிடவில்லை. 1912-இல் ஸ்போகேனில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வளர்ந்தவர். தந்தை தொடங்கிய தொழில்கள் ஒவ்வொன்றாக நொடித்தபோது, பெயர் அச்சிட்ட கடிதத்தாள்கள் கட்டுக்கட்டாகப் பிள்ளைகளுக்கு வரையக் கிடைத்தன. கலைப்பள்ளிப் படிப்புக்குப் பின், கார்ட்டூன் படங்களை வரையும் செல்லுலாய்டு தாள்களை மறுபடி பயன்படுத்துவதற்காகக் கழுவும் வேலையில் நுழைந்தார். 1938-இல் இயக்குநரானபோது அவர் எடுத்தவை, ஸ்னிஃபில்ஸ் என்ற சுண்டெலியின் கதைகள் உட்பட, டிஸ்னியைப் பார்த்துச் செய்த மெதுவான, மிருதுவான, எனக்குத் தூக்கம் வரவைக்கும் படங்கள். 1942-இல் எடுத்த 'த டோவர் பாய்ஸ்' அந்தப் பாணியை உடைத்தது. அதில் பாத்திரங்கள் ஒரு நிலையில் உறைந்து நின்று, ஒரு வண்ணத் தீற்றலாக இழுபட்டு, அடுத்த நிலையில் போய் உறைகின்றன. நகர்த்திக்கொண்டே இருப்பதுதான் அனிமேஷன் என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், நிறுத்துவதன் ஆற்றலை அவர் அங்கேதான் கண்டுகொண்டார்.

அதன் முழு விளைச்சலை 1952-இல் வந்த 'ஃபீட் த கிட்டி'யில் காணலாம். ஒரு முரட்டு நாய், ஒரு சின்னஞ்சிறு பூனைக்குட்டியின் மேல் வைத்த பாசம்தான் கதை. பூனைக்குட்டி பிசைந்த மாவுக்குள் அகப்பட்டு, பிஸ்கட்டாக வெட்டப்பட்டு, அடுப்புக்குள் போய்விட்டதாக அந்த நாய் நம்பிவிடுகிறது. சமையலறைக்கு வெளியே நின்று பார்க்கும் அதன் முகத்தில் அச்சம், மறுப்பு, உடைவு என்று ஒவ்வொன்றாக வருகின்றன. உள்ளே நடப்பதோ சாதாரணச் சமையல்தான். பிறகு வீட்டுக்காரி பூனை வடிவிலான பிஸ்கட் ஒன்றை அதனிடம் நீட்டுகிறாள். நடுங்கும் கையால் வாங்கி, குட்டி வழக்கமாகப் படுக்கும் தன் முதுகின் மேல் அதை வைத்துக்கொண்டு நடக்கிறது. பூனைக்குட்டி பத்திரமாக இருப்பது நமக்குத் தெரியும், ஆகவே சிரிக்கிறோம். நாய்க்குத் தெரியாது, ஆகவே தொண்டை அடைக்கிறது. 'மான்ஸ்டர்ஸ் இங்க்' அனிமேஷன் படத்தில், தான் காக்கும் சிறுமி உள்ளே அகப்பட்டுவிட்டாள் என்று நம்பி, குப்பை நசுக்கும் எந்திரத்தைப் பார்த்து ஸல்லி என்ற பூதம் பதறும் காட்சி இந்தக் காட்சிக்குச் செய்யப்பட்ட நேரடி மரியாதை.

அடுத்த ஐந்தாண்டுகளில் வந்தவற்றை அதிகம் விளக்கத் தேவையில்லை. 1953-இன் 'டக் அமக்'கில் டாஃபி வாத்து, தன்னை வரையும் தூரிகையோடு சண்டையிடுகிறது. பின்னணி போகிறது, குரல் போகிறது, உருவமே மாறுகிறது, அப்போதும் அது டாஃபியாகவே இருக்கிறது. 1955-இன் 'ஒன் ஃப்ராகி ஈவ்னிங்'கில் பாடும் தவளையைத் தவிர யாருக்கும் குரலே இல்லை. 1957-இன் 'வாட்ஸ் ஓபரா, டாக்?' ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகங்களை ஆறு நிமிடத்துக்குள் அடைத்தது. அதற்குக் கூடுதல் வாரங்கள் தேவைப்பட்டதால், ரோட் ரன்னர் படமொன்றில் வேலை செய்ததாக நேரக்கணக்கை மாற்றி எழுதினார்கள் என்று ஜோன்ஸ் பின்னாளில் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். மூன்றுமே பிற்காலத்தில் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றன.

இனி டாம் அண்ட் ஜெர்ரி. 1962-இல் வார்னருடனான உறவு முறிந்தது. வேறொரு நிறுவனத்தின் 'கே பர்-ஈ' படத்துக்கு, தன் பிரத்தியேக ஒப்பந்தத்தை மீறி, மனைவியுடன் சேர்ந்து கதை எழுதியிருந்தார்; அந்தப் படத்தை விநியோகிக்க வார்னரே வாங்கியபோது குட்டு வெளிப்பட்டது. அதன்பின் எம்.ஜி.எம்.முக்காக 1963 முதல் 1967 வரை 34 டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் அவர் மேற்பார்வையில் உருவாயின. ஹன்னாவும் பார்பெராவும் படைத்த டாம் யோசிக்க நேரமில்லாத பூனை. கோபம், ஓட்டம், அடி, அலறல் என்று உடலால் மட்டுமே வாழ்வது. ஜோன்ஸ் அதற்குத் தடித்த புருவங்களைக் கொடுத்து, நின்று சிந்திக்க வைத்தார். கொயோட்டியை அமரனாக்கிய அதே இடைநிறுத்தம் இங்கே ஓட்டத்தைக் கொன்றுவிட்டது. அந்தப் பாத்திரங்களைத் தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அவரே பின்னர் சொன்னார். உங்கள் மகளின் தீர்ப்பில் திருத்த ஏதுமில்லை.

நான் அவரை உயர்த்திப் பேசுவதில் மிகை இருக்குமானால் அது வேறோர் இடத்தில் இருக்கிறது. ஜோன்ஸ் 2002 வரை வாழ்ந்தார், நன்றாக எழுதினார், நன்றாகப் பேசினார்; 1996-இல் கௌரவ ஆஸ்கர் பெற்றார். ஆகவே வார்னர் கார்ட்டூன்களின் வரலாற்றில் பெரும்பகுதி அவர் சொன்னபடியே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நான் மேலே சொன்ன 18, 14 கணக்கும் அவர் வாயிலாக வந்ததே. ரோட் ரன்னர் படங்களுக்கு அவர் வகுத்ததாகச் சொல்லப்படும் விதிகளின் பட்டியலைப் பற்றி, அப்படங்களை எழுதிய மைக்கேல் மால்டீஸிடம் கேட்டபோது, அப்படியொன்றைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார். மால்டீஸின் கதைகளும், மாரிஸ் நோபிளின் காட்சி வடிவமைப்பும், கென் ஹாரிஸ் போன்ற அனிமேட்டர்களின் கையும் இல்லாமல் நான் போற்றும் படங்களில் பல உருவாகியிருக்காது. அவருடைய பெருந்தன்மைக்கும் எல்லை இருந்தது. வார்னரில் பழைய சக இயக்குநரான பாப் கிளாம்பெட், அங்கே உருவான பாத்திரங்களின் பிறப்பில் அளவுக்கு மீறி உரிமை கோருகிறார் என்று சினந்து 1975-இல் ஒரு நீண்ட மறுப்புக் கடிதம் எழுதினார். 1979-இல் தான் தொகுத்த படத்தில் வார்னரின் புகழ்பெற்ற முயல் பாத்திரமான பக்ஸ் பன்னி, தன்னைப் படைத்த 'தந்தையரை'ப் பட்டியலிடும்போது கிளாம்பெட்டின் பெயர் மட்டும் விடுபட்டிருந்தது. கிளாம்பெட் மிகைப்படுத்தினார் என்பது சரி. ஆனாலும் அந்த விடுபடல் சிறுமைதான்.

மகளுடன் மீண்டும் அமர்வதானால் ரோட் ரன்னரை வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையரங்கில் இரண்டு படங்களுக்கிடையே பல மாதங்கள் கடந்தன. பன்னிரண்டை ஒரே மூச்சில் பார்க்க யாரும் அவற்றை எடுக்கவில்லை. அதற்கு முன் 'ஃபீட் த கிட்டி'யைக் காட்டுங்கள். பூனைக்குட்டிக்கு ஒன்றும் ஆகாது என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அது மாவிலிருந்து தப்பி வெளியேறுவதை அவளே பார்த்துவிடுவாள், பிறகு அந்த நாயிடம் அதைச் சொல்ல முடியாமல் திரைக்கு முன்னால் தவிப்பாள்.